சுண்ணாம்புத் தண்ணீரும் என் வெட்சிகளும்

கொழும்பில் இருந்த பதினொரு வருடமும் வெட்சியை, எக்ஸோரா என்பார்களே அந்தப் பூச்செடியை, நான் நின்று பார்த்ததில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தொடர்மாடியின் மதிலோரம் முழுக்க அதுதான். யாரும் பசளை போட்டதாக நினைவில்லை, காவலுக்கு நின்ற ஐயா கிழமைக்கு இரண்டு தரம் குழாயைப் பிடித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான், வருடம் முழுக்கச் சிவப்பும் செம்மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்துக் கிடக்கும். அந்த நம்பிக்கையில்தான் 2019 கடைசியில் யாழ்ப்பாணம் கோண்டாவில் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், மதிலைப் பூசிச் சுண்ணாம்பு அடித்த கையோடு, முன் முற்றத்துக்கென்று ஆறு ஹைபிரிட் வெட்சிக் கன்றுகள் வாங்கினேன். மூன்று குட்டைச் சிவப்பு, இரண்டு ரோஸ், ஒரு மஞ்சள். நேசரியில் நின்றவர், "இது ஹைபிரிட் அக்கா, எங்க வைச்சாலும் பூக்கும்" என்றார். ஐந்தை மதிலோரம் நிலத்தில் வைத்தேன். ஒரு சிவப்புக்கு இடம் காணவில்லை, அதைப் பழைய பெயின்ற் வாளி ஒன்றில் ஓட்டை போட்டு நட்டு, வீட்டின் பக்கவாட்டில் அப்பாவின் அறை யன்னலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டேன்.

2021 மாசிக்குள் நிலத்தில் நின்றவற்றில் மூன்று செத்துவிட்டன. வாளியில் நின்றது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு வருடம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வெட்சி வைத்து இலை மஞ்சளாகிப் போய் மனம் விட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா மஞ்சளும் ஒன்றில்லை. வைத்து நாலு மாதம் போல் கழித்து, புதிதாக வந்த குருத்திலைகள் வெளிறத் தொடங்கின. அடியில் இருந்த முற்றின இலைகள் கரும்பச்சையாகவே இருந்தன, நுனியில் வந்தவை மட்டும்தான் மஞ்சள். ஒன்றைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நரம்பெல்லாம் மெல்லிய பச்சைக் கோடாக ஓட, இடைப்பட்ட இடம் முழுக்க எலுமிச்சம் பழத் தோல் நிறத்தில் இருக்கும், மீன் வலையை விரித்துப் போட்டது போல. அடுத்த தளிர் அதைவிட வெளிறி வரும், அதற்கடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை, பிறகு ஓரம் கருகும், பிறகு அந்தக் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். பழைய இலை மஞ்சளாகி விழுகிறதென்றால் அது வேறு கதை, தழைச்சத்தோ மக்னீசியமோ காணாமல் இருக்கலாம். புதிய இலை நரம்பு பச்சையாக நிற்க வெளிறுகிறதென்றால் அது இரும்புச்சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கான அடையாளம். இந்த வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் மூன்று செடியையும் காப்பாற்றி இருப்பேன்.

தெரியாதபடியால் ஊரில் எல்லோரும் சொன்னதைச் செய்தேன். மாமி வந்து பார்த்துவிட்டு, "பூச்சி பிடிச்சிருக்குது பிள்ளை, அடுப்புச் சாம்பலைப் போடு" என்றா. போட்டேன். முட்டைக்கோது நல்லதென்று ஒருவர் சொன்னார், அதையும் நொறுக்கிப் போட்டேன். பூக்கவில்லையே என்று கடையில் கேட்டபோது ரிஎஸ்பி என்ற பொசுபேற்றுப் பசளையைப் போடச் சொன்னார்கள், அதுவும் ஆயிற்று. ஒவ்வொன்றும் நல்ல மனதோடு சொன்னதுதான், வேறு செடிக்கென்றால் உதவியும் இருக்கும். ஆனால் சாம்பலும் முட்டைக்கோதும் மண்ணை இன்னும் காரமாக்கும், அளவுக்கு மிஞ்சிய பொசுபேற்று செடி இரும்பை எடுப்பதை இன்னும் தடுக்கும். எல்லாவற்றையும்விட, நாள் தவறாமல் காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். வெளிற வெளிற இன்னும் கூட ஊற்றினேன்.

இதே வளவில், பின்னால் கிணற்றடியில், அம்மம்மா வைத்த நாட்டு வெட்சி ஒன்று நிற்கிறது. என்னைவிட வயது கூடினது. 1995 இடம்பெயர்வில் வீடு பூட்டிக் கிடந்த மாதங்களில் ஒரு கை தண்ணீர்கூட யாரும் ஊற்றாமல் தப்பி நின்றது. ஆளுயரத்துக்கு மேல், மாமரத்தின் அரைவாசி நிழலில், கரும்பச்சை இலையோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, இது நாட்டுச் செடி, அதனால் தாக்குப் பிடிக்கிறது, ஹைபிரிட் நோஞ்சான் என்றுதான் தோன்றும். பாதி சரி, பாதி பிழை.

பிழையான பாதியைத் திருத்தியவர் பக்கத்து வளவு ரீச்சர். ஓய்வு பெறும் வரை உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவர். ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தா. "பிள்ளை, உதுக்குச் சாப்பாடு காணாமல் இல்லை. இருக்கிற சாப்பாட்டை எடுக்கேலாமல் நிக்குது" என்றா. பிறகு குசினியில் இருந்து விநாகிரிப் போத்தலை எடுத்து வரச் சொல்லி, வெட்சியடியில் காய்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சிரட்டையில் போட்டு, அதன் மேல் கொஞ்சம் ஊற்றினா. சோடாவைத் திறந்தது மாதிரிச் சிறு சிறு குமிழி எழும்பி நுரைத்தது. சுண்ணாம்பு இருந்தால்தான் அப்படிப் பொங்கும். மதில் பூசும்போது சிந்தின சீமெந்தும் சுண்ணாம்பும் அந்த மண்ணிலேயே கலந்து கிடந்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் நான் செடியை வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் வைக்கும் கேத்திலின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கில் ஒரு துளி விட்டா, அதுவும் பொங்கியது. "இதைத்தான் இரண்டு நேரமும் குடிக்கக் குடுக்கிறாய்."

குடாநாட்டின் அடியே சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கில்லை, மாரி மழை நிலத்துக்குள் இறங்கி அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி நிற்பதைத்தான் கிணறாகத் தோண்டிக் குடிக்கிறோம். கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் அது. குடிக்க ருசியாக இருக்கும், கத்தரிக்கும் வெங்காயத்துக்கும் வாழைக்கும் குறை சொல்ல முடியாது, ஆனால் வெட்சி புளிப்பு மண்ணை விரும்பும் சாதி. கொழும்புப் பக்கத்து மண் இயல்பிலேயே புளிப்பு, மழையும் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல், அங்கே அது தானாக வளர்ந்ததில் அதிசயமில்லை. ரீச்சர் சொன்னதில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்: கோண்டாவில் செம்மண் சிவப்பாக இருப்பதே அதில் உள்ள இரும்பால்தான். இரும்புக்கு நடுவில் நின்றுகொண்டுதான் என் செடி இரும்பில்லாமல் வாடியிருக்கிறது. காரமான மண்ணில் இரும்பு கரையாத உருவில் பூட்டிக் கிடக்கும், வேர் அதைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் உறிஞ்ச முடியாது.

அப்படியென்றால் வாளியில் நின்றது மட்டும் எப்படிப் பச்சையாக இருந்தது? அப்பாவுக்கு வெக்கை தாங்காது என்று அவருடைய அறைக்கு ஏசி பூட்டியிருந்தோம். அதன் தண்ணீர் வடியும் ரியூப் நேரே அந்த வாளிக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. நானாகச் செய்ததில்லை, வாளி அந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஏசித் தண்ணீர் காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வடிவது, அதில் சுண்ணாம்பு கிடையாது, கிட்டத்தட்ட மழைத் தண்ணீர் போலத்தான். இரவெல்லாம் சொட்டிச் சொட்டி வாளி எப்போதும் ஈரமாக இருந்ததால் நான் அதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே இல்லை.

சரி, அது ஒரு ஊகம்தானே என்று நினைத்திருந்தேன். 2022 பங்குனியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏசி ஓடவில்லை, ரியூப் காய்ந்தது, வாளி வாடுகிறதே என்று கிணற்றுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். வைகாசிக்குள் அந்த வாளி வெட்சியின் தளிரிலும் அதே மீன் வலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் வாங்கிய கன்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஹைபிரிட்" என்ற சொல்லை நேசரிகளில் குட்டையாக இருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறார்கள், சில இடங்களில் "தாய்லாந்து எக்ஸோரா" என்பார்கள். எங்கள் நாட்டு வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, சிங்களத்தில் ரத்மல், தமிழ்நாட்டில் இட்லிப்பூ. காப்பிச் செடியின் குடும்பம். 1753இல் லின்னேயஸ் இதற்கு இக்ஸோரா என்று பெயர் வைத்தார், ஈசுவரன் என்ற பெயர் போர்த்துக்கேயர் வாயில் திரிந்து வந்த உருவம் அது என்பார்கள். நாங்கள் எக்ஸோரா என்று வெளிநாட்டுப் பெயராக நினைத்துச் சொல்வதற்குள் சாமி பெயர்தான் இருக்கிறது. பகைவரின் ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிக்கொண்ட பூ என்பதால் ஒரு திணைக்கே வெட்சி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வெட்சித்திணையைப் பாடமாக்கியபோது, அது எங்கள் கிணற்றடியில் நிற்கும் செடிதான் என்று யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோட்டத்துக்கென்று வரும் கலப்புகள் பலவற்றில் எங்கள் வெட்சியோடு சீனாவின் தென்பகுதியிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் இன்னொரு வெட்சி சேர்ந்திருக்கும். பார்த்தே ஓரளவு பிரிக்கலாம். நாட்டு வெட்சியின் நான்கு இதழும் வேல் நுனி போலக் கூராக இருக்கும், இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம், அடி அகன்று தண்டைக் கட்டிப் பிடித்தது போல ஒட்டி நிற்கும். சீனத்து வெட்சியின் இதழ் நுனி வட்டம், இலை அடியில் ஒடுங்கி ஒரு சிறு காம்போடு இருக்கும். என்னுடைய ரோஸ் நிறத்தது இரண்டுக்கும் நடுவில், இதழ் வட்டமாகவும் கொத்து உள்ளங்கை அளவுக்கு நெருக்கமாகவும் வரும். கலப்புச் செடி கொத்தாகப் பூக்கும், உயரம் போகாது, சாடிக்கு அழகு. ஆனால் சுண்ணாம்பு மண்ணுக்கு அது ஒரு சலுகையும் தராது. அமெரிக்காவில் தெற்கு ஃபுளோரிடாவிலும் எங்களைப் போலவே சுண்ணாம்புக்கல் நிலம், அங்கேயும் வேலியாக நடும் வெட்சிகளுக்கு இதே மஞ்சள் நோய்தான். இதில் "நோரா கிராண்ட்" என்ற ரோஸ் வகை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும் என்கிறார்கள். என் வளவிலும் ரோஸ்தான் கடைசிவரை தாக்குப் பிடித்தது, அது அந்த வகைதானா என்று நேசரியில் யாருக்கும் தெரியவில்லை.

அம்மம்மாவின் வெட்சிக்கு வருகிறேன். அதுவும் இதே மண், கிணற்றடி வேறு. ஆனால் அதன் அடியைக் குனிந்து பார்த்தால் மண்ணே தெரியாது. மாமரத்தின் இலை வருடக்கணக்காக விழுந்து மக்கி, கையை விட்டால் மணிக்கட்டு வரை கறுத்த பொலபொலத்த மக்குத்தான், உள்ளே வெட்சியின் மயிர் வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. பின் வளவு என்பதால் அங்கே யாரும் கூட்டுவதில்லை. முன் முற்றத்தை நான் விடிய எழும்பி விளக்குமாற்றால் ஒரு சருகு விடாமல் கூட்டிக் கொளுத்திவிடுவேன். எங்கள் ஊரில் முற்றம் கூட்டாத வீடு வீடில்லை, அது எனக்கும் ஊறின பழக்கம். ஆனால் அந்த ஐந்து வெட்சிக்கும் போயிருக்க வேண்டிய சாப்பாட்டையும் போர்வையையும் தினமும் நானேதான் கூட்டி எடுத்திருக்கிறேன். அப்பப்பா புகையிலைத் தோட்டத்துக்குப் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்ப்பார், வண்டி வண்டியாகக் குழை வந்து இறங்கியது எனக்கு நினைவிருக்கிறது. இந்த மண்ணுக்கு இலைதான் மருந்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இலை மக்கும்போது வேரைச் சுற்றி மெல்லிய புளிப்பு இருந்துகொண்டே இருக்கும், இரும்பையும் வேர் எடுக்கக்கூடிய உருவில் பிடித்து வைத்திருக்கும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். மிஞ்சிய ரோஸ் இரண்டையும் 2022 ஆனியில் மதிலோரத்தில் இருந்து கிளப்பினேன். ஒன்றைப் பெரிய பிளாஸ்ரிக் சாடியில் வைத்தேன் (சீமெந்துச் சாடி வேண்டாம், அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும், வேண்டுமென்றால் மண் சாடி நல்லது). மற்றதை மதிலில் இருந்து ஆறடி தள்ளி, முற்றத்து மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் பாத்தி கட்டி அதில் வைத்தேன். கலவையில் வளவு மண் சேர்க்கவில்லை. தும்புச்சோறு (தேங்காய்த் தும்பில் உதிரும் தூள்) இரண்டு பங்கு, மாவிலை மக்கு இரண்டு பங்கு, நன்றாக உலர்ந்து பழசான மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தும்புச்சோற்றை வாளியில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் பிழிந்து எடுங்கள், சிலவேளை அதில் உப்பு இருக்கும். மணலில்தான் கவனம். எங்கள் கடற்கரைப் பக்கத்து மணலில் சிப்பித் துகள் கலந்திருக்கும், கண்ணுக்கு வெள்ளை மணல்தான், விநாகிரி விட்டால் பொங்கும். பொங்காத மணல் கிடைத்தால் மட்டும் போடுங்கள், கிடைக்காவிட்டால் மணலே இல்லாமல் உடைத்த ஓட்டுத் துண்டை அடியில் போட்டாலும் போதும்.

கந்தகத்தூள் போட்டு மண்ணைப் புளிப்பாக்கலாம் என்பது உண்மைதான், சுண்ணாம்பு இல்லாத மண்ணில். இங்கே நிலத்தில் போட்டால் போட்டதெல்லாம் சுண்ணாம்போடு மல்லுக்கட்டியே முடிந்துபோகும். சாடிக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி அளவில், வருடத்துக்கு இரண்டு முறை போடுகிறேன், அதுவும் வேலை செய்ய மாதக்கணக்கில் எடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை தண்ணீர். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் இரண்டு வாங்கி, தாழ்வாரத்து பீலியின் கீழ் வைத்தேன். கணக்கு லேசு: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர் கூரைக்கு ஐப்பசியில் ஒரு நல்ல மழை, 20 மில்லிமீற்றர் என்றாலே இரண்டு பரலும் நிரம்பிவிடும். செடி ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரை லீற்றர் வீதம் மூன்று செடிக்கு ஊற்றினால், நாலு மாதக் கோடைக்கு 270 லீற்றர் போதும். பெரிய தோட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது, மூன்று நாலு செடிக்குத் தாராளம். முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், கூரைக் குப்பையெல்லாம் அதில்தான் வரும். பரல் வாயை நுளம்பு வலையால் மூடி கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும், கல்லைத் தூக்கி வைத்தால் மட்டும் போதாது. மார்கழி தையில்தான் இங்கே டெங்கு கூடுவது, நிரம்பின பரலைத் திறந்து வைத்திருப்பது அயலட்டைக்கே ஆபத்து. நான் கிழமைக்கு ஒருதரம் ரோர்ச் அடித்துப் பார்ப்பேன்.

அப்பாவின் ஏசி ரியூபை நீட்டி இப்போது மூடி போட்ட பிளாஸ்ரிக் கலன் ஒன்றுக்குள் விட்டிருக்கிறேன். அதில் சேருவதையும் பரலோடு சேர்த்துக்கொள்வேன்.

பரல் காலியாகி, கிணற்றுத் தண்ணீரைத்தான் விட வேண்டும் என்ற நிலை ஆவணியில் வரும். அதற்கு விநாகிரி கலந்து பார்த்தேன், தேசிக்காய் பிழிந்தும் பார்த்தேன். பத்து லீற்றர் வாளிக்கு நாலு மேசைக்கரண்டி விநாகிரி கலந்தால் அந்த நேரத்துக்குக் காரம் இறங்குகிறது, ஆனால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் விநாகிரியைத் தின்று முடித்ததும் பழைய நிலைக்கே வந்துவிடும். அவசரத்துக்குச் சரி, வழக்கமாக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அடுத்த மாரியில் சாடியை நடு முற்றத்தில் மழையில் விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று பெரிய மழை அடியால் ஓடி வடிந்தால் படிந்த உப்பில் நிறையக் கழுவுண்டு போகும். சாடி விளிம்பில் விரலால் சுரண்டினால் மாவாக வரும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதே, அது கூடினால் கலவையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரும்பு நேரடியாகக் கொடுப்பது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்திருந்த மாதங்களில் கடைகளில் எதுவும் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு கிடைத்தது ஈடிடிஏ என்ற வகை இரும்புத்தூள். அதை மண்ணில் ஊற்றிக் காசைக் கரைத்தேன், காரமான மண்ணில் அது நிலைக்காது. இலைக்குத் தெளித்தால் பிடிக்கும். ஈடிடிஎச்ஏ என்ற இன்னொரு வகை இருக்கிறது, காரமான மண்ணிலும் இரும்பை விடாமல் வைத்திருப்பது அதுதான். இங்கே தேடி அலுத்துக் கடைசியில் கனடாவில் இருந்து தம்பி வந்தபோது ஒரு சிறு பைக்கற் கொண்டுவந்தான். ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டவுடன் செம்பரத்தம்பூத் தேநீர் மாதிரிச் சிவந்து பரவும். சாடிக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு, மூன்று மாதத்துக்கு ஒருக்கால், அவ்வளவே. பத்துப் பன்னிரண்டு நாளில் புதுத் தளிர் பச்சையாக வந்ததைப் பார்த்தபோது உண்மையில் கண் கலங்கிவிட்டது. ஏற்கெனவே வெள்ளையாகிப் போன இலை பெரும்பாலும் திரும்பாது, புதிதாக வருவதைத்தான் பார்க்க வேண்டும்.

அது கிடைக்காதவர்களுக்கு இரும்புச் சல்பேற்று, அன்னபேதி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம், கரைத்த உடனேயே இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். நான் ஒருநாள் நடு மத்தியானம் தெளித்து, தளிர் முழுக்கக் கறுத்த புள்ளியாகக் கருகிவிட்டது. மாபிள் நிலத்திலோ உடுப்பிலோ பட்டால் கறள் நிறம் போகவே போகாது, சாடியை முற்றத்துக்கு இறக்கிவிட்டுத் தெளியுங்கள். வழமையான சத்துக்கு நான் பாவிப்பது தண்ணீரில் கரைத்து விடும் அல்பேட் கலவை என்ற பசளைதான், சொன்ன அளவில் பாதி, மாதம் இரண்டு முறை.

பூ வேண்டுமென்றால் வெயில் வேண்டும், குறைந்தது ஐந்து ஆறு மணித்தியாலம். ஆனால் சோளகம் பெயர்ந்து வைகாசியில் இருந்து வீசும் அந்த வறண்ட காற்று சாடியின் ஈரத்தை அரை நாளில் உறிஞ்சிவிடும், இலை நுனி கருகும். தென்மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு தேவை. நான் கிடுகு இரண்டை நிறுத்தி வைக்கிறேன். பூ வருவது கிளையின் நுனியில், புதிதாக வந்த தளிரின் முடிவில். வேலி மாதிரி ஒரே மட்டமாக மாதாமாதம் கத்தரித்தால் பூவைத்தான் கத்தரிக்கிறீர்கள். ஒரு கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு இலைச்சோடி விட்டு வெட்டுங்கள், அந்த இடத்தில் இரண்டு கிளை வரும், இரண்டிலும் கொத்து வரும். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பூ வேண்டுமென்று நான் சித்திரை முடிவில் ஒருமுறை இப்படி வெட்டிவிடுவேன், ஆடியில் கொத்தாக நிற்கும். மாமி முதலில் ஹைபிரிட் பூ சாமிக்கு ஆகாதென்று தள்ளி வைத்தா, இப்போது தானே வந்து பறிக்கிறா. முருகனுக்கு வெட்சி வெட்சிதான்.

பூச்சி பெரிய தொல்லையில்லை. தளிரில் அழுக்கணவனும் கணுவில் வெள்ளைப் பஞ்சு போல வெண்மூட்டுப்பூச்சியும் வரும், எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே ஏதோ இருக்கிறதென்று அர்த்தம். சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் போதும். கிணற்றடி வெட்சியில் முசுறு கூடு கட்டியிருக்கிறது, பூப் பறிக்கப் போனால் கடி வாங்காமல் வர முடியாது, ஆனாலும் அதை நான் கலைப்பதில்லை.

கலப்பில் வராத ஒன்று நாட்டு வெட்சியில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிணற்றடியில் போய் நின்றால், சிவந்த உடலும் கறுப்புச் செட்டையில் சிவப்புப் பொட்டுமாக அந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சி வரும். பூவில் இறங்கி உட்காராது, செட்டையைப் படபடவென்று அடித்தபடியே நீண்ட குழலை அந்த ஊசித் துவாரத்துக்குள் விட்டு விட்டு எடுத்து, ஒரு கொத்தை இருபது முப்பது விநாடியில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நாங்களும் சின்ன வயதில் அந்த நடு நாரை இழுத்து அடியில் நிற்கும் தேன் துளியை நாக்கில் வைத்தவர்கள்தான். வாளியில் நிற்கும் குட்டைச் சிவப்புக்கு அவை வருவது மிகக் குறைவு, நான் பார்த்தவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கிணற்றடியில் காய்த்துக் கறுக்கும் சிறு பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்னும், ஹைபிரிட்டில் நான் இன்னும் ஒரு பழமும் காணவில்லை. அதனால் முற்றத்துக்கு நிறம் வேண்டுமென்றால் ஹைபிரிட் வையுங்கள், ஆனால் பின் வளவில் கூட்டாத மூலை ஒன்று இருந்தால் நாட்டு வெட்சி ஒன்றும் வையுங்கள் என்பேன்.

கன்று வாங்க வேண்டியதில்லை. பென்சில் பருமனில், பூக்காத கிளையில் நாலைந்து அங்குல வெட்டுத்துண்டு எடுத்து, மேல் இரண்டு இலையைப் பாதியாக வெட்டி, ஈரத் தும்புச்சோற்றில் குத்தி, பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தால் ஆறு எட்டுக் கிழமையில் வேர் வரும். பத்து வைத்தால் எனக்கு ஐந்து ஆறு தப்புகிறது. அம்மம்மாவின் வெட்சி முற்றின கிளை என்பதால் வெட்டுத்துண்டு சரிவரவில்லை, போன ஆவணியில் காற்றுப்பதி வைத்தேன். இரண்டு கணுவுக்கு நடுவில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை மோதிரமாக எடுத்து, மழைத் தண்ணீரில் நனைத்த தும்புச்சோற்றை முட்டை அளவில் வைத்து, பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் கட்டினேன். நேற்று மாலை வெளிச்சத்தில் பார்த்தபோது பொலித்தீனுக்கு உள்பக்கமாக வெள்ளை வேர்கள் நாலைந்து சுவரைத் தொட்டு வளைந்து நிற்கின்றன. வெள்ளை இன்னும் கொஞ்சம் பழுப்பாகட்டும். முதல் மழை விழுந்து பரல் நிரம்பியதும் வெட்டி இறக்குவேன், ரீச்சர் வீட்டு முருங்கைக்குக் கீழே குழி வெட்டி மாவிலை போட்டு மூடி வைத்தாயிற்று.